புல்லட் இன்ஜின் கவரில் வெள்ளை பூத்திருக்கிறது, காஸ்டிக் சோடாவில் முக்கலாமா?

கேள்வி, 9 செப்டம்பர் 2023

வணக்கம். தாத்தாவின் 1986 புல்லட் 350 ஆறு வருடமாக வேதாரண்யத்து வீட்டில் சும்மா நிற்கிறது. இடப்பக்கம் கிளட்ச் கவர், வலப்பக்கம் டைமிங் கவர், மேலே ராக்கர் கவர் எல்லாம் வெள்ளை பூத்துவிட்டன. அடிப்பக்கம் எண்ணெய் கருகித் தார் போல ஒட்டியிருக்கிறது. "காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடு, புதுசாகிவிடும்" என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள் அண்ணே. நாளை ஞாயிறு, நாளைக்கே இறங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

9 செப்டம்பர், இரவு 10.40

தம்பி, முக்க வேண்டாம். சோடா வாங்கியிருந்தால் பரணில் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எனக்குத் தூத்துக்குடி. என்னிடமும் அப்பாவின் புல்லட் இருக்கிறது, 1984 வண்டி. 2009-இல் இதே யோசனையைக் கேட்டு டேப்பட் கவரை (இன்ஜினின் ஒரு சின்ன மூடி) கழற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கினேன். அரை நிமிடத்தில் கோலி சோடா உடைத்தது போல நுரை பொங்கியது. வாளி தொட முடியாதபடி சுட்டது. பயந்து இடுக்கியால் எடுத்தால் கவர் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. தேய்த்ததும் கரி விரலோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் பளபளப்பு இல்லை, பூனை நாக்கு மாதிரி ஒரு சொரசொரப்புதான் இருந்தது. அந்தக் கவரை இன்றுவரை பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை.

சோடா எண்ணெயைத் தின்றுவிட்டு நிற்பதில்லை, அலுமினியத்தையும் சேர்த்துத் தின்கிறது. பொங்கிய நுரை ஹைட்ரஜன். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் வேறு கதையாகியிருக்கும். இன்ஜின் கவர்கள் வார்ப்பு அலுமினியம், அதில் சிலிக்கானும் கொஞ்சம் செம்பும் கலந்திருக்கும். அலுமினியம் கரைந்து போக, கரையாத அந்தச் சரக்கு மேலே கறுப்பாகத் தங்கிவிடுகிறது. அதை எடுக்க பெரிய பட்டறைகளில் நைட்ரிக் அமிலத் தொட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக் கொல்லையில் செய்கிற காரியம் இல்லை அது.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் இருக்கும், சில நானோமீட்டர் தடிமன்தான். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 4-க்கும் 8.5-க்கும் நடுவில் அது தாக்குப்பிடிக்கும். காரமோ அமிலமோ அந்த எல்லையைத் தாண்டினால் தோல் கரையும், பிறகு உடம்பும் கரையும். அதனால் கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட், சாக்கடை அடைப்பு நீக்குகிற பவுடர், சலவை சோடா மூன்றையுமே வண்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

9 செப்டம்பர், இரவு 11.15

நாளை சும்மா இருக்க மனசு வராது என்று தெரியும், அதனால் இதைச் செய்யுங்கள். கால் லிட்டர் டீசல், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். கருகின எண்ணெய் மேல் டீசலைப் பூசி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மரக்குச்சியைச் சீவிச் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டாம், அது போடும் கோட்டை எடுக்க இரண்டு நாள் ஆகும். சீமெண்ணெய் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் ரேஷனில் இப்போது எங்கே கிடைக்கிறது? பெட்ரோல் மட்டும் கூடாது. கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவித் துடைத்துவிட்டு வெயிலில் படம் எடுத்துப் போடுங்கள்.

10 செப்டம்பர், மாலை

படங்கள் பார்த்தேன். டீசலே பாதி வேலையை முடித்துவிட்டது.

இப்போது மூன்று விதமான கறை தெரிகிறது, மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ராக்கர் கவரில் இருப்பது வெறும் மங்கல், ஆக்சைடு தடித்துப்போனது. டைமிங் கவரின் கீழ் ஓரத்தில் மாவு போல இருப்பது உப்பரிப்பு. அதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அடியில் குண்டூசி குத்தினது போலக் குழிகள் இருக்கும். வேதாரண்யமும் தூத்துக்குடியும் ஒரே காற்று, உப்பளத்துக் காற்று. குளோரைடு அந்த ஆக்சைடு தோலில் ஒரு பொத்தல் போட்டால் போதும், உள்ளே உள்ளே தோண்டிக்கொண்டே போகும்.

மூன்றாவது, கிளட்ச் கவரின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வழுவழுவென்று மின்னுகிற இடம். சுற்றிலும் வெள்ளை பூத்திருக்க, அது மட்டும் பூக்கவில்லை. அது கறையா, தேய்மானமா என்று படத்தில் பிடிபடவில்லை.

12 செப்டம்பர், இரவு

ஒருவர் "வினிகர் போடலாமா" என்று கேட்டிருக்கிறார். அதற்கு என் அம்மாவின் இட்லிக் கொப்பரையிலிருந்து பதில் சொல்கிறேன்.

அலுமினியக் கொப்பரையில் தினமும் தண்ணீர் கொதித்தால் உட்பக்கம் கறுத்துப்போகும். எங்கள் ஊர்த் தண்ணீர் கடினத் தண்ணீர், இரண்டே நாளில் கறுத்துவிடும். அம்மா தண்ணீர் ஊற்றும்போதே ஒரு கோலிக்குண்டு அளவு புளியோ, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலோ உள்ளே போட்டுவிடுவார். கொப்பரை கறுக்காது. முந்தின நாள் கறுத்தது கூட வெளுத்துவரும். நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான், ஆனால் இன்ஜினுக்கும் இதுதான் பாடம் என்று எனக்கு உறைக்க முப்பது வயது ஆனது. தண்ணீரில் இருக்கிற காரம் அந்தத் தோலைக் கறுக்க வைக்கிறது, புளியில் இருக்கிற மென்மையான அமிலம் அந்தக் கறுப்பை மட்டும் இளக்கிவிடுகிறது.

அதனால் ராக்கர் கவரின் மங்கலுக்குப் புளிக்கரைசலே போதும். வெதுவெதுப்பாகக் கரைத்து, துணியில் நனைத்துப் போர்த்தி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் புளி பிசுபிசுப்பாக ஒட்டி நிற்கும், வழிந்து ஓடாது.

13 செப்டம்பர், காலை

மேலே எழுதியதில் ஒரு பெரிய பிழை. கோவையில் வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "தம்பி, உங்கள் வீட்டுப் புளி எந்தப் புளி?"

கடையில் வாங்கினாலும் வீட்டில் அடைத்து வைத்தாலும் பழம்புளியில் கெடாமலிருக்கக் கல்லுப்பு போட்டிருப்பார்கள். உப்புக்காற்றில் குழி விழுந்த கவருக்கு உப்புப் புளியையே பற்றுப்போடச் சொல்லியிருக்கிறேன். கொப்பரைக்குப் பரவாயில்லை, தினமும் கழுவுகிறோம். கவரின் குழிக்குள் அந்த உப்பு தங்கினால் ஒரே மாதத்தில் மறுபடி பூக்கும்.

ஐயா சொன்ன மாற்று சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். பெயரில்தான் உப்பு, சோடியம் குளோரைடு இல்லை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவல். போர்த் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற கேன் தண்ணீரே எடுங்கள். இன்னொன்றும் சொன்னார்: அமிலம் மங்கலை எடுக்கும், குழியை நிரப்பாது. குழி விழுந்த இடத்தில் இருந்த உலோகம் போனது போனதுதான்.

17 செப்டம்பர்

கவர் கழற்றுவது பற்றி. தம்பி கழற்றாமலே தேய்க்கலாமா என்று கேட்டிருந்தார். ராக்கர் கவருக்கு வேண்டுமானால் சரி. கிளட்ச் கவரும் டைமிங் கவரும் கழற்றித்தான் ஆக வேண்டும், தேய்க்கிற பொடி ஏதாவது ஒரு இடுக்கு வழியாக இன்ஜினுக்குள் போய்விடும்.

கிளட்ச் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. முதல் முறை பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் முதலில் எடுங்கள் (உங்கள் வண்டிக்கு இடதுபக்க பிரேக்தான்). அடியில் ஒரு தட்டு வையுங்கள், கவர் விலகியவுடன் உள்ளே இருக்கிற எண்ணெய் வந்துவிடும். சுற்றி ஓடுகிற ரப்பரைப் பத்திரமாக எடுங்கள், புது ரப்பர் வாங்கிவிட்டுக் கழற்றினால் இன்னும் நல்லது.

டைமிங் கவரில்தான் கஷ்டம். இரும்பு ஸ்க்ரூ, அலுமினிய உடம்பு, நடுவில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி. அதில் கரைவது அலுமினியம்தான். அந்த வெள்ளைப் பொடி மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் ஒரு ஸ்க்ரூவின் தலையை வழித்தே எடுத்துவிட்டேன், பிறகு துளை போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. இம்பேக்ட் டிரைவர் (அடித்தால் தானே திரும்பும் திருப்புளி) வைத்துச் சுத்தியலால் ஒரே அடி, அதுதான் முறை. அதற்கு முன் ஹாட் ஏர் கன்னால் ஸ்க்ரூவைச் சுற்றிச் சூடு காட்டுங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். திரும்பப் போடும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

24 செப்டம்பர், ஞாயிறு

இன்று முழுக்க என் டைமிங் கவரோடு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குச் சொல்லிக்கொண்டே நானும் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் 400, 600, 800, 1000 நான்கும் வாங்கினேன் (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்). சாதாரண உப்புத்தாள் வேண்டாம், அது தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் இருந்த இடம் பள்ளமாகும், விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். அதற்காகப் பழைய ஹவாய் செருப்பின் அடியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, அதன் மேல் பேப்பரைச் சுற்றிக்கொண்டேன். அது வளைவுக்கு வளைந்து கொடுக்கிறது, பள்ளமும் போடுவதில்லை.

வாளித் தண்ணீரில் நான்கு சொட்டு பாத்திரச் சோப்பு. 400-ஐ ஒரே திசையில், மேலிருந்து கீழாக. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் தண்ணீர் சாம்பலாகி, மெல்ல மை போலக் கறுக்கும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, பொடியான அலுமினியமே அப்படித்தான் கறுப்பாக வரும். துடைத்துவிட்டுப் பார்த்தால் கோடு கோடாக, மாட்டு வண்டிச் சுவடு போல ஒரே சீராக இருக்க வேண்டும். பிறகு 600 எடுத்து, குறுக்குத் திசையில். 400 போட்ட கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரியும்வரை 600-ஐ விடக்கூடாது. இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். 1000-க்குப் போன பிறகு ஒரே ஒரு 400 கோடு கண்ணில் பட்டால், திரும்ப 600-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இன்று நான் இரண்டு தடவை இறங்கினேன்.

குழி இருந்த கீழ் ஓரத்தில் எல்லாக் குழியும் மறையட்டும் என்று 2011-இல் ஒருமுறை 220-ஐ வைத்து இழுத்திருக்கிறேன். அப்போது புதிதாக ஊசித்துளைகள் கிளம்பின. வார்ப்பின் மேல்தோல் இறுக்கமாக இருக்கும். உள்ளே போகப் போகக் காற்று அடைபட்ட துளைகள் இருக்கும், தோலைச் சீவினால் அவை வாய் திறந்துகொள்ளும். இன்றைக்கு அந்த ஓரத்தை 600-ஓடு நிறுத்திவிட்டேன். குழிகள் தெரிகின்றன. தெரியட்டும்.

25 செப்டம்பர்

விட்டுப்போன ஒன்று. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் குத்திக்கொண்டு நிற்கும், ஒரு மழைக்குப் பிறகு செம்மண் புள்ளி வைத்தது போலத் துருப்பிடிக்கும். பச்சை நைலான் நார் ஓரளவு பரவாயில்லை.

பிராஸோ (பித்தளைக்குப் போடும் மெருகுத் திரவம்) பற்றிக் கேட்ட அக்காவுக்கு: 1000 முடித்த பிறகு கையால் மெருகேற்ற அது போதும். ஆனால் ஸ்க்ரூ பள்ளங்களில் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், அதை உப்பரிப்பு என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். பல்துலக்கும் பிரஷ்ஷால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

2 அக்டோபர், விடுமுறை

பஃபிங் பட்டறையில் (சுழலும் வீலில் பிடித்து மெருகேற்றும் இடம்) கொடுத்துவிடலாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கலாம், நல்ல கை கிடைத்தால்.

முதலில் நார் வீல், பிறகு துணி வீல். ஒவ்வொன்றுக்கும் அதற்கான சோப்பு, வெட்டுவதற்குப் பழுப்புக் கட்டி, மெருகுக்கு வெள்ளைக் கட்டி. பத்து நிமிடத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவார்கள். 2012-இல் நான் கொடுத்த இடத்திலும் அப்படித்தான் மின்னியது. வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகுதான் தெரிந்தது. ஓரங்கள் எல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி மழுங்கியிருந்தன, ஸ்க்ரூ தலை உட்காரும் பள்ளங்கள் சரிந்திருந்தன. அதைவிட மோசம், பேக்கிங் (எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் தாள்) உட்காரும் தளத்தையும் சேர்த்து வீலில் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தளம் பளபளக்க வேண்டியதில்லை, மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரம் உருண்டுபோனதால் எந்த பேக்கிங் பேப்பர் வைத்தாலும் எண்ணெய் கசிந்தது. நூறு கிலோமீட்டர் ஓட்டினால் வலது செருப்பு நனைந்துவிடும்.

அதைச் சரிசெய்ய, தடித்த கண்ணாடிப் பலகை மேல் 600 பேப்பரை ஒட்டி, தளத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எட்டுப் போடுவது போலக் கவரை நகர்த்தினேன். மேடான இடத்தில் கோடு அழியும், பள்ளத்தில் அழியாது. எல்லாக் கோடும் அழிய மூன்று மாலை ஆனது. கசிவு நின்றது. ஆனால் ஓரம் திரும்ப வரவில்லை, வராது.

கொடுக்கிறவர்கள் தளத்தின் மேல் இரண்டடுக்கு டேப் ஒட்டிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டில் மோட்டார் வைத்துச் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: இரும்பு சாணை பிடித்த மெஷினில் அலுமினியத்தைப் பிடிக்காதீர்கள். இரும்புத் துருவும் அலுமினியப் பொடியும் ஒரே இடத்தில் குவிந்து ஒரு பொறி பட்டால், தண்டவாளம் ஒட்டவைக்கிற நெருப்பு அதுதான்.

3 அக்டோபர், அதிகாலை

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் பழைய ஆல்பத்தை எடுத்தேன். 1984-இல் வண்டி வந்த வாரம் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, திருவொற்றியூர் புல்லட் தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புது வண்டி. அப்பா உப்பளத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற சட்டையில் நிற்கிறார்.

டைமிங் கவரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இல்லை. அதில் அப்பாவின் கால் நிழலாகத் தெரிகிறது, ஆனால் செருப்பு வார் தெரியவில்லை. நாளும் புழங்கின எவர்சில்வர் டம்ளரில் இருக்குமே, அந்தப் பளபளப்பு. நான் பத்து வருடமாக "பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு அந்த வண்டிக்கு ஒருநாளும் இல்லாத மினுமினுப்பை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக எத்தனை உலோகத்தைத் தேய்த்துத் தள்ளியிருப்பேன்.

24-ஆம் தேதி 1000 வரை போகச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். 800-இல் நிறுத்தி, கையால் மெருகு போட்டுப் பாருங்கள். வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு மேலே போகலாமா என்று முடிவு செய்யுங்கள்.

11 அக்டோபர்

இரண்டு கேள்விக்கு அவசரப் பதில்.

மணல் அடிப்பது (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது): வேண்டாம். அலுமினியத்தில் மணல் துகள் பதிந்து நிற்கும், எண்ணெய்த் துளைக்குள் ஒளிந்திருந்து பேரிங்கைத் தின்னும். அடிக்கிறவர் நுரையீரலுக்கும் கேடு, சிலிக்கா தூசு சிலிகோசிஸ் கொண்டுவரும். தண்ணீரோடு கலந்த கண்ணாடி மணியால் அடிக்கும் வசதி இருந்தால் சிலிண்டர் ஹெட்டின் இறக்கைகளுக்கு மிக நல்லது, அந்த இடுக்குகளில் கை போகாது. அதற்கும் எல்லாத் துளையையும் அடைத்துவிட்டுத்தான்.

அலாய் வீலுக்கு விற்கிற வெளுப்புத் திரவங்கள்: பாட்டிலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது ஃபுளோரைடு என்று எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்து எலும்பு வரை வலிக்கும். உடம்பிலுள்ள கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். பட்டுவிட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கால்சியம் குளுக்கோனேட் போடுவார்கள். ஒரு கவருக்காக இதெல்லாம் தேவையே இல்லை.

23 அக்டோபர், ஆயுத பூஜை

வேலை முடிந்து கவர்களைப் பூட்டியாகிவிட்டது. மேலே என்ன பூசுவது என்று எனக்கே தீர்மானம் இல்லாததால், மூன்றையும் மூன்று விதமாக விட்டிருக்கிறேன். டைமிங் கவர் வெறுமனே. கிளட்ச் கவருக்குக் கார் வாக்ஸ் இரண்டு கை. 2009-இல் கெட்டுப்போன டேப்பட் கவரை ஓரளவு தேய்த்துச் சூடு தாங்கும் கிளியர் லேக்கர் (நிறமில்லாத வார்னிஷ்). மழைக்காலம் முடியட்டும், எது நின்றது என்று எழுதுகிறேன்.

பூஜை போட்டோம். வாழைக்கன்று, பொரி, எலுமிச்சை எல்லாம் ஆயிற்று. வீட்டில் சந்தனம் குங்குமத்தை டைமிங் கவரில் வைக்கப் போனார்கள், "டேங்கில் வை" என்று கையைப் பிடித்துவிட்டேன். போன வருடம் கவரில் வைத்த பொட்டை நான்கு நாள் விட்டதில் வட்டமாக ஒரு மங்கல் விழுந்திருந்தது. மஞ்சளைச் சிவப்பாக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அது காரம். ஈரத்தோடு வெறும் அலுமினியத்தில் இருந்தால் தடம் போடும். அப்பா எந்த வருடமும் டேங்கிலும் ஹெட்லைட்டிலும் மட்டும்தான் வைப்பார், ஏன் என்று நான் கேட்டதில்லை.

27 டிசம்பர்

பத்து நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. 17, 18 தேதிகளில் இங்கே பெய்த மழை எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டில் எல்லாரும் நலம். நலம் கேட்டவர்களுக்கு நன்றி.

வண்டியை வாசல் மேட்டில் ஏற்றியும் ஃபுட்ரெஸ்ட் வரை தண்ணீர் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் இறங்கியதும் ஸ்டார்ட் செய்யவில்லை. எண்ணெயை வடித்தேன், மோர் நிறத்தில் வந்தது. இரண்டு தடவை புது எண்ணெய் ஊற்றி வடித்த பிறகுதான் உதைத்தேன்.

கவர்கள்: வெறுமனே விட்ட டைமிங் கவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள், தோசைக்கல்லில் மாவு தெறித்தது போல. வாக்ஸ் போட்ட கிளட்ச் கவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு மட்டும். லேக்கர் அடித்த டேப்பட் கவருக்கு ஒன்றும் ஆகவில்லை. லேக்கர் ஜெயித்துவிட்டது என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது.

20 ஜனவரி 2024

லேக்கர் ஜெயிக்கவில்லை.

டேப்பட் கவரின் விளிம்பில், ஸ்பானர் பட்டு லேக்கர் பெயர்ந்த இடத்திலிருந்து, உள்ளே வெள்ளை நூல்கள் ஊர்ந்து போயிருக்கின்றன. இலையைத் துளைத்துப் போகும் புழு போட்ட தடம் மாதிரி, வளைந்து வளைந்து. மேலே லேக்கர் அப்படியே கண்ணாடி போல இருக்கிறது, அதற்கு அடியில்தான் அரிப்பு நடக்கிறது. துணியால் துடைக்கவும் வழியில்லை. முழு லேக்கரையும் தின்னர் போட்டு உரித்தால்தான் கை வைக்க முடியும்.

வெறும் கவரின் புள்ளிகள் சிட்ரிக் கரைசலில் பத்து நிமிடத்திலும், மிச்சம் 800 பேப்பரிலும் போய்விட்டன. வாக்ஸ் போட்டதன் கோடு துணியாலேயே போய்விட்டது. அதனால் என் வண்டிக்கு இனி வாக்ஸ்தான், மாதம் ஒரு தடவை, அதற்கு முன் நல்ல தண்ணீரில் ஒரு கழுவல். உள்நாட்டில், கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு லேக்கர் சரியாக வரலாம். எங்கள் காற்றுக்கு வராது.

4 பிப்ரவரி

வேதாரண்யத்துத் தம்பி பொங்கலன்று வண்டியை உதைத்து எடுத்துவிட்டாராம். படம் போட்டிருக்கிறார், ராக்கர் கவர் எவர்சில்வர் டம்ளர் பதத்தில் வந்திருக்கிறது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கூடவே ஒரு கேள்வி. கிளட்ச் கவரின் பின்பக்க வழுவழுப்பு எது என்று கண்டுபிடித்துவிட்டார். பிரேக் மிதிக்கும்போது தாத்தாவின் பூட்ஸ் உரசிய இடம். பாட்டி பார்த்தவுடன் சொன்னாராம். இப்போது மற்ற இடமெல்லாம் 800-இல் சீராகிவிட்டதால் அது மட்டும் தனியாகத் தெரிகிறது, அதையும் தேய்த்து ஒன்றாக்கிவிடலாமா என்கிறார்.

வேண்டாம் தம்பி. அந்த இடத்தில் பேப்பரே வைக்காதீர்கள். இருபது முப்பது வருடம் பூட்ஸ் தோல் உரசி வந்த மெருகு அது, எந்தக் கட்டிச் சோப்பும் அதைத் தராது. சுற்றியுள்ள 800 கோடுகளை அதன் ஓரத்தில் மட்டும் 1000-ஆல் லேசாக இளக்கிவிடுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. அதன் மேல் டீசல் துணியால் ஒரு துடைப்பு, பிறகு வாக்ஸ். நீங்கள் எந்தப் பூட்ஸ் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று சொல்லவில்லையே.